ஊரடங்கு மாதங்களின் அடுப்படிக் கணக்கு

வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று யோசனை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் எதை வாங்கலாம், எதை வாங்காமல் விடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். வாங்காமல் விட்டதை ஈடுகட்ட வீட்டுக்குள் யாரோ ஒருவர் எவ்வளவு நேரம் நின்று ஆய்ந்து, அரைத்து, காயவைத்து, கழுவிக் கவிழ்த்தார் என்பது அவர்களுடைய கணக்கில் வருவதேயில்லை. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்களில் எங்கள் வீட்டில் சிக்கனமாகச் சமைத்தோம், ருசியாகவும் சாப்பிட்டோம், கடன் வாங்கவில்லை. இதை எழுத உட்காரும்போது மிச்சப்பட்ட ரூபாயையும், அந்த ரூபாய்க்கு ஈடாகச் செலுத்தப்பட்ட உழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் சொல்வது அரைக் கணக்குத்தான்.

அம்பத்தூரில் நாங்கள் ஐந்து பேர் ஒரு குடும்பம்: மாமியார், என் கணவர், நான், கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிக்கூடத்துப் பையன். கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய லேத் பட்டறையில் உத்தியோகம். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு, 24 மாலை ஆறு மணி முதல் மாநிலத்தில் 144 தடை உத்தரவு, அன்றிரவே பிரதமரின் அறிவிப்பு, 25 முதல் தேசம் முழுவதும் 21 நாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்த அந்த வாரத்தில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. ஏப்ரல் மாதத்துக்குப் பாதிச் சம்பளந்தான் வந்தது. மே மாதத்துக்கும் அவ்விதமே. அதுவாவது வந்ததே என்று நினைக்கவேண்டிய ஸ்திதியில் எங்களைச் சுற்றிலும் எத்தனையோ குடும்பங்கள் இருந்தன.

வருமானம் பாதியானால் செலவையும் பாதியாக்கிவிடலாம் என்பது காகிதத்தில்தான் சரியாக வரும். வாடகை பாதியாகாது. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை பாதியாகாது. கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் மூன்று மாதத்துக்கும், பிற்பாடு ஆகஸ்ட் 31 வரைக்கும் அனுமதி கொடுத்தது உண்மைதான். கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அது பேருதவியாகவும் இருந்தது. ஆனால் தள்ளிப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைச் சற்று நிதானித்துப் படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆகையால் நாங்கள் வண்டிக்கடன் தவணையை விடாமல் கட்டினோம். இப்படித் தொட முடியாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் தொடக்கூடியதாக மிஞ்சுவது அடுப்படி ஒன்றுதான். எல்லா வீடுகளிலும் எல்லாக் கஷ்ட காலங்களிலும் முதலில் சுருங்குவது அடுப்படியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கணக்கு எழுதுவதில் என் மாமியார் கைதேர்ந்தவர். செலவு செய்த பிறகு எழுதுவது கணக்காகாது, அது வெறும் ஞாபகக் குறிப்பு என்பது அவருடைய சித்தாந்தம்; மாதம் பிறக்கும் முன்பே எழுதவேண்டும் என்பார். பள்ளிக்கூட நோட்டின் ஒரு பக்கத்தில் வாடகை, தவணை, மருந்து, பால், எரிவாயு, மின்சாரம் என்று எழுதிக் கூட்டி, மிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மளிகையை ஒரே தடவையாக வாங்கிவிட்டு, மறு பாதியைக் காய்கறிக்கென்று ஐந்து உறைகளில் போட்டு வைத்தோம். நான்கு உறை என்று நான் சொன்னதற்கு, “மாசத்துக்கு நாலு வாரம்னு எந்தக் காலண்டர்ல போட்டிருக்கும்மா? கடைசி ரெண்டு மூணு நாள் வயிறு சும்மா இருக்குமா?” என்று கேட்டார். அந்த ஐந்தாவது உறைதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. மாதத்தை நான்கு வாரமாக வகுக்கிறவர்கள் இருபத்தெட்டாம் தேதிக்குமேல் கைமாற்றுக்கு அலையவேண்டியிருப்பதை அதற்குப் பிறகு பல வீடுகளில் பார்த்தேன்.

பணத்தை அதிகமாக விழுங்கியது விலைவாசி அன்று, பயம். கடைகள் காலை ஆறு மணி முதல் பிற்பகல் வரை, ஏப்ரல் 5-க்குப் பிறகு ஒரு மணி வரை மட்டுமே என்று நேரம் சுருங்கச் சுருங்க, அந்த நேரத்துக்குள் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் சுபாவம் ஜனங்களுக்கு உண்டாயிற்று. சென்னை, கோவை, மதுரை நகரங்களில் ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, முந்தின நாள் சனிக்கிழமை கடைவீதிகளில் கூடிய கூட்டம் பார்த்தவர்களுக்கு மறக்காது. இருப்பது நான்கு நாள். வாங்கியதோ நான்கு வாரத்துக்கு. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் இவற்றை அப்படி வாங்கினால் குற்றமில்லை, டப்பாவில் கிடக்கும். கட்டுக்கட்டாகக் கீரையும் கிலோக் கணக்கில் தக்காளியும் வாங்கியவர்களுடைய பணம் மூன்றாம் நாள் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. எங்கள் தெருமுனைத் தொட்டியில் அந்த வாரம் கிடந்த காய்கறியைப் பார்த்து மாமியார் வெகுநேரம் வருந்திக்கொண்டிருந்தார்.

அவர் வருந்தியதற்குக் காரணம் உண்டு. அறுபதுகளின் நடுவில் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் பரிதவித்த காலத்தில் அவர் இளம் பெண். திங்கட்கிழமை இரவு ஒரு வேளை உணவைத் துறக்கும்படி லால் பகதூர் சாஸ்திரி தேசத்தைக் கேட்டுக்கொண்டதும், அதை ஏற்றுப் பல வீடுகளில் அடுப்பு மூட்டாமல் இருந்ததும், கோதுமையைச் சமைக்கத் தெரியாமல் தென்னாட்டுக் குடும்பங்கள் திண்டாடியதும், 1967 தேர்தலில் அரிசியே பெரும் பிரச்சினையாக நின்றதும் அவருக்கு நேற்று நடந்ததுபோல நினைவிருக்கிறது. பிற்காலத்தில் 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டதும், ரேஷன் கடை என்பது ஏழை, பணக்காரர் பாகுபாடில்லாமல் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவானதும், 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமலே கிடைப்பதும் அந்தப் பஞ்சம் கற்பித்த பாடத்தின் விளைவுகள் என்று அவர் திடமாக நம்புகிறார். நானும் அதையே நம்புகிறேன். ஊரடங்கில் தமிழ்நாட்டின் வீடுகளில் உலை கொதித்ததற்கு ரேஷன் கடைதான் பிரதான ஆதாரம். ஏப்ரல் மாதத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் ரொக்கமும், அரிசி, பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியவை விலையின்றியும் கிடைத்தன. கூட்டம் சேராமல் இருக்க டோக்கன் கொடுத்தார்கள். வெள்ளை வட்டத்துக்குள் ஒருவர்பின் ஒருவராக நின்று வாங்கிவந்தோம். சாதாரண மாதங்களில்கூட அங்கே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவில் அந்த ஒரு கிலோவும் ஒரு லிட்டரும் எவ்வளவு பாரத்தை இறக்கி வைக்கின்றன என்பது விளங்கும்.

அதுவரை ரேஷன் அரிசியை வாங்கிப் பிறருக்குக் கொடுத்துவந்த நடுத்தரக் குடும்பங்கள் அனேகம் அந்த மாதங்களில் தாங்களே சமைக்கத் தொடங்கின. அரிசியில் வாடை இருக்கிறது, சோறு குழைகிறது என்ற குறைகள் இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. நாலு தண்ணீர் மாற்றிக் கைகளால் அலசிக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் போடாமல் அகலமான பாத்திரத்தில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, முக்கால் பதத்தில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, நடுவில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரிகிற தருணத்தில் வடித்துவிடவேண்டும். அந்தப் புள்ளி மறைகிற வரையில் காத்திருந்தால் சோறு குழைந்துவிடும். வடித்த பிறகு மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் ஆவியிலேயே அது வெந்துவிடும். இப்படி வடித்த சோறு பூப்போல உதிரும். வாடையும் கஞ்சியோடு போய்விடும். கஞ்சியைக் கொட்டவேண்டிய அவசியமில்லை. பருத்திப் புடவைக்கு அதைக்காட்டிலும் நல்ல கஞ்சி கிடையாது.

இட்லிக்கும் அதே புழுங்கலரிசிதான். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது வழக்கம். உளுந்து விலை ஏறியிருந்தபடியால் ஐந்துக்கு ஒன்றாக்கி, ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைக் கூட ஊறவைத்து, அரைக்கும்போது ஒரு கை பழைய சோற்றைச் சேர்த்துக்கொண்டோம். மாவு பொங்கியது, இட்லியும் மிருதுவாகவே வந்தது. பருப்பு விஷயத்தில் ஒரு யுக்தி: துவரம்பருப்பைத் தண்ணீர் அதிகமாக வைத்து வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை ரசத்துக்கு இறுத்துக்கொண்டு, அடியில் தங்கிய பருப்பைச் சாம்பாருக்கோ கூட்டுக்கோ மசித்துக்கொண்டால் ஒரு பருப்பு இரண்டு பதார்த்தங்களுக்கு ஆகிறது. சாம்பார் நீர்த்துப் போகிறதென்றால் ஒரு துண்டு பூசணியையோ பரங்கியையோ கூடவே வேகவைத்து மசித்து விட்டால் போதும். கெட்டிப்படுவதோடு ஒரு இளந்தித்திப்பும் கிடைக்கும்.

காய்கறியில் நாங்கள் கடைப்பிடித்த விதி ஒன்றே ஒன்று: எது முதலில் கெடுமோ அது முதலில் அடுப்பேறவேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த விதியைப் பின்பற்ற நாக்கை அடக்கியாக வேண்டும். ஏனென்றால் வாங்கி வந்த அன்றைக்கு எல்லோரும் கேட்பது உருளைக்கிழங்கு வறுவலைத்தான். உருளைக்கிழங்கு இரண்டு வாரம் பொறுக்கும். கீரை அன்றே, வெண்டையும் கத்தரியும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும், அவரை, கொத்தவரை, கோவைக்காய் அதன்பின், புடலையும் முருங்கையும் வாரத்தின் நடுவில், பூசணி, சேனை, கருணை, சேம்பு, வெங்காயம் இவையெல்லாம் வாரக் கடைசிக்கு என்று ஒரு சீட்டு எழுதி மகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, ஈரமில்லாமல் துடைத்து, காகிதம் விரித்த டப்பாவில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகாது. கொத்துமல்லியைக் கழுவாமல் வேரோடு காகிதத்தில் சுற்ற வேண்டும். இஞ்சியைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து வைத்தோம். வேண்டும்போது ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு மறுபடியும் மூடிவிடுவோம். அதில் ஒன்று முளைவிட்டு வளரவும் வளர்ந்தது.

மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவி, 5-ஆம் தேதி சந்தையையே மூடிவிட்டபோது சென்னை நகரம் முழுவதும் காய்கறிக்குத் திகைத்து நின்றது. 1996 முதல் நகரத்தின் அடுப்படிகளுக்கெல்லாம் அதுதான் தாய்க்கிடங்கு. திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கி வியாபாரம் ஒழுங்குக்கு வருகிற வரையில் தள்ளுவண்டிக்காரர் சொன்னதே விலை. அவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை, அவரும் நெடுந்தூரம் அலைந்துதான் கொண்டுவந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் காய் இல்லாத குழம்புகள் அணிவகுத்தன. நல்லெண்ணெயில் சுண்டைக்காய் வற்றலையோ மணத்தக்காளி வற்றலையோ வறுத்துப் போட்ட வற்றல் குழம்பு, மிளகையும் துவரம்பருப்பையும் வறுத்து அரைத்த மிளகு குழம்பு, பருப்புருண்டைக் குழம்பு, கொள்ளு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். மிளகு குழம்பு ஒருநாள் வைத்தால் மூன்று நாள் வரும். நாளாக நாளாக ருசி கூடுமேயன்றிக் குறையாது. பீர்க்கங்காய் வாங்கினால் தோலை உளுந்து, மிளகாய், புளியோடு வதக்கித் துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ தூவிப் பொரியல். என் மாமியாரிடம் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ பழைய பிரதி ஒன்று உண்டு. 1951-இல் முதலில் வெளிவந்த அந்தப் புத்தகத்தைத் திறந்தால், ஆழாக்கும் படியும் அறிந்த ஒரு தலைமுறை எத்தனை அளவறிந்து சமைத்திருக்கிறது என்பது தெரியும். அந்த அளவுகளை டம்ளருக்கு மாற்றும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள்.

பங்குனியும் சித்திரையும் நமக்கு இலவசமாகக் கொடுப்பது இரண்டு: வெயிலும் வேப்பம்பூவும். தெருவில் யாரும் நடமாடாத அந்த நாட்களில் வேப்ப மரத்தடி முழுவதும் பூ உதிர்ந்து கிடந்தது. மரத்தடியில் பழந்துணியை விரித்து வைத்துச் சேகரித்து, நிழலில் உலர்த்தி, டப்பாவில் அடைத்து வைத்தோம். சார்வரி வருஷப் பிறப்பு ஏப்ரல் 14, முதல் ஊரடங்கின் கடைசி நாளாக அறிவிக்கப்பட்டிருந்த அதே நாளில் வந்தது. ஊரடங்கு நீண்டதைச் சொல்லும் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே வேப்பம்பூவும் வெல்லமும் போட்ட மாங்காய்ப் பச்சடியைச் சாப்பிட்டோம். மாடியில் வடாம் இட்டதும் அந்த மாதத்தில்தான். முதல் நாள் இரவே ஊறவைத்த ரேஷன் அரிசியை நைசாக அரைத்து, உப்பும் பச்சைமிளகாய் விழுதும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துக் கூழாகக் கிளறி, எலுமிச்சம்பழம் பிழிந்து, விடிவதற்கு முன் மாடிக்குக் கொண்டுபோய், ஈரத்துணியில் நாழியால் பிழியவேண்டும். கூழ் ஆறினால் இறுகிப்போய்ப் பிழிய வராது. சுடச்சுட இருந்தால் கை பொறுக்காது. இடைப்பட்ட அந்தச் சூட்டைப் பிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. மாலையில் துணியைத் திருப்பிப் பின்புறம் நீர் தெளித்தால் வடாம் தானாக விட்டுக்கொடுக்கும், மறுநாளும் காயவேண்டும். கீழ்ப் போர்ஷன் பாட்டி தன் பங்குக்கு மாடியின் மறுகோடியில் இட்டுக்கொண்டு, முகக்கவசத்துக்குள்ளிருந்து உரத்த குரலில் எங்களுக்குப் பக்குவம் சொன்னார்.

எல்லோரும் வீட்டிலேயே இருந்தபடியால் எரிவாயு சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்ற கவலை தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 14.2 கிலோ உருளை ஒன்றை நீட்டிப்பதற்கு வழிகள் எளியவை. பயறு, கடலை, கொள்ளு ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைப்பது. குக்கர் அடுக்குகளில் சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒன்றாக ஏற்றுவது. விசில் வந்தபின் தணலைக் குறைப்பது. எல்லாவற்றையும் நறுக்கி, அரைத்து, பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பது. இந்தக் கடைசி வழியால்தான் அதிகம் மிச்சமாயிற்று என்று நினைக்கிறேன். இராச் சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாக உண்டதால் ஒரு வேளை அடுப்பே எரியவில்லை. சித்திரை வெயிலுக்கு உடம்புக்கும் அது இதமாக இருந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு நோட்டின் மறுபக்கத்துக்கு வருகிறேன். மே மாதத்தில் ஒருநாள் கீழ்வீட்டு மரத்தின் வாழைப்பூ ஒன்று எங்களுக்கு வந்தது. விலை ஒரு காசுமில்லை. மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனையும் கண்ணாடிபோன்ற அந்தச் சிறு செதிலையும் நீக்கி, கறுத்துவிடாமல் நீர்மோரில் நறுக்கிப் போட்டு, பருப்பை ஊறவைத்து அரைத்து உசிலித்து இறக்க எனக்கும் மாமியாருக்கும் காலைப்பொழுது முழுவதும் சரியாக இருந்தது. விரல்களில் கறை மறுநாளும் போகவில்லை. அந்த உசிலி மிகவும் நன்றாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘காய்ச் செலவு: இல்லை’ என்று அன்றைய தேதியில் நோட்டில் எழுதியபோது, அந்த வரி உண்மையைச் சொல்லவில்லை என்று என் மகள் ஆட்சேபித்தாள். அவள் சொன்னதுதான் நியாயம். அன்று முதல் நோட்டில் இன்னொரு பத்தி சேர்ந்தது: யார், என்ன வேலை, எவ்வளவு நேரம்.

ஒரு மாதக் கடைசியில் அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்தபோது என் கணவர் சற்று நேரம் பேசவில்லை. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஊதியமில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். இது ஊரடங்குக்கு முந்தைய நிலவரம். ஓட்டலும் இல்லை, பலகாரக் கடையும் இல்லை, வேலைக்கு உதவுவாரும் இல்லை, ஐந்து பேரும் மூன்று வேளையும் வீட்டில் என்று ஆனபோது அந்த நிமிஷங்கள் எவ்வளவு பெருகியிருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கால் வீங்கியிருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். சிக்கனம் என்று நாம் மெச்சிக்கொள்வதில் பெரும்பங்கு, சந்தையில் விலை கொடுத்து வாங்கவேண்டிய வேலையை வீட்டில் விலை கொடுக்காமல் வாங்கிக்கொள்வதுதான். அந்த வேலையை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் அது குடும்பத்தின் சாமர்த்தியம்; ஒருத்தியின் தலையில் விழுந்தால் அவளுக்கு அது தண்டனை. கணவர் மாவரைப்பதையும் காய் நறுக்குவதையும் ஏற்றுக்கொண்டார். பையன் பாத்திரம் துலக்கக் கற்றுக்கொண்டான். “ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்று முதலில் முணுமுணுத்த மாமியாரே, அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்துத் தேய்க்கும் முறையை அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

பாத்திரம் துலக்க வருகிறவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். மார்ச் கடைசியில் அவர் வருவது நின்றது. பாதிச் சம்பளக் கணக்கை எழுதும்போது அவருடைய சம்பளத்தை எடுத்துவிட்டால் ஒரு உறை முழுதாக மிஞ்சும் என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு வாங்கிக்கொண்டு போகச் சொன்னபோது, “வேலைக்கே வரலையேக்கா, சும்மா எப்படிக்கா சம்பளம் வாங்குறது?” என்று கேட்டார். “வராதது உங்க குத்தமா? கடை திறந்திருக்கிற நேரத்துல வந்து வாங்கிட்டுப் போங்க” என்றேன். அவருடைய கணவர் கட்டட வேலை செய்கிறவர், அதுவும் நின்றிருந்தது. பிறருடைய உலையிலிருந்து எடுத்து நம் உலையை நிரப்பிக்கொள்வதற்குச் சிக்கனம் என்ற பெயரைக் கொடுக்கக்கூடாது. பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது என்பதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவர் மூலமாக நான் அறிந்துகொண்ட இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். மேலே நான் எழுதிய யுக்திகள் எல்லாவற்றுக்கும் கையில் ஒரு மாதத்துப் பணம், வைத்துக்கொள்ள ஒரு குளிர்சாதனப் பெட்டி, காயவைக்க ஒரு மாடி வேண்டும். ஒற்றை அறையில் குடியிருந்து அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்குகிறவர்கள் பத்து ரூபாய்க்கு எண்ணெயும், ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் மிளகாய்ப்பொடியும், நூறு கிராம் பருப்பும் வாங்குகிறார்கள். கிராமுக்குக் கிராம் கணக்கிட்டால் நம்மைவிட அவர்கள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். சிக்கனத்துக்கும் ஒரு மூலதனம் வேண்டியிருக்கிறது. அந்த மூலதனம் இல்லாதவர்களைத் தாங்கிப் பிடித்தவை மூன்று: ரேஷன் கடை, 2013 முதல் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் போட்டுவந்து, ஊரடங்கிலும் அடுப்பை அணைக்காத அம்மா உணவகம், மூன்றாவதாக, எங்கள் தெரு அண்ணாச்சியின் கடன் நோட்டு. அந்த நோட்டில் ஏப்ரலுக்குப் பிறகு பக்கங்கள் போதாமல் வேறொரு நோட்டு போட்டார். யாரிடமும் அவர் வட்டி கேட்கவில்லை. சாமான் இல்லையென்று யாரையும் திருப்பியனுப்பியதாகவும் நான் கேள்விப்படவில்லை. ஜூன் 19 முதல் மறுபடியும் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் கடுமையான ஊரடங்கு வந்து, இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துபோய்த்தான் சாமான் வாங்கவேண்டும் என்று ஆனபோது, நடக்கிற தூரத்தில் ஒரு சிறிய கடை இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை எல்லோருமே உணர்ந்தோம். அண்ணாச்சி கடையில் பெரிய அங்காடியைவிட ஒன்றிரண்டு ரூபாய் அதிகமிருக்கலாம். நான் இன்றும் மாத மளிகையை அங்கேதான் வாங்குகிறேன்.

பட்டறை திறந்து முழுச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு சிலவற்றை விட்டுவிட்டோம். தோல் துவையலும் கொள்ளு ரசமும் இப்போது ஆசைக்குச் செய்கிறோம், அவசியத்துக்கு அன்று. ஐந்து உறைகள் அப்படியே இருக்கின்றன. கெடுகிற வரிசையை எழுதிய சீட்டு கிழிந்துபோய், மகள் வேறொன்று எழுதி ஒட்டியிருக்கிறாள். சனிக்கிழமை மாவரைப்பது என் கணவரின் பொறுப்பாகவே நிலைத்துவிட்டது. பாத்திரம் துலக்க வருகிறவருக்கு மறு வருஷம் சம்பளத்தை உயர்த்தினோம். 2021 மே மாதத்தில் மறுபடியும் ஊரடங்கு வந்தபோது அவர் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. மாதம் பிறப்பதற்கு முன் நோட்டை விரிக்கும்போது அந்தத் தொகையை மளிகைக்கும் பாலுக்கும் மேலே, வாடகைக்கு அடுத்த வரியில் எழுதுகிறோம்.